அந்தமான் ஸ்கூபா ட்ரிப் – பிப்ரவரி, 7 நாள், வீட்டுக்காரிக்கு நீச்சல் தெரியாது – பிளான் சரியான்னு பாத்து சொல்லுங்க

கொங்குதிசை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை கேக்குறேன். நானும் வீட்டுக்காரியும் பிப்ரவரி கடைசி வாரம் ஒரு ட்ரிப் போலாம்னு இருக்கோம், நோக்கமே ஸ்கூபாதான், பீச்ல உக்காந்துட்டு வர்றதுக்கு இல்ல. எனக்கு 34, அவளுக்கு 31. எனக்கு நீச்சல் வரும், சின்ன வயசுல கிணத்துல கத்துக்கிட்டது. அவளுக்கு சுத்தமா தெரியாது, ஆனா ஆசை என்னைவிட அவளுக்குத்தான் அதிகம். மாலத்தீவா அந்தமானா லட்சத்தீவான்னு ரெண்டு மாசமா பேசிப் பேசி கடைசில அந்தமான்னு முடிவு பண்ணி ஒரு ஏஜென்ட்கிட்ட பிளான் கேட்டோம். அவர் குடுத்தது இது:

முதல் நாள் சென்னைல இருந்து போர்ட் பிளேர், செல்லுலார் ஜெயில். ரெண்டாவது நாள் பாராடாங். மூணாவது நாள் ஹேவ்லாக் தீவு, ராதாநகர் பீச். நாலாவது நாள் காலாபத்தர் பீச், எலிஃபன்ட் பீச். அஞ்சாவது நாள் நீல் தீவு. ஆறாவது நாள் திரும்ப போர்ட் பிளேர், ஷாப்பிங். ஏழாவது நாள் காலைல நார்த் பே-ல ஸ்கூபா, மத்தியானம் 2 மணிக்கு ஃப்ளைட்.

இன்னும் அட்வான்ஸ் கட்டல. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, இது ஓகேவா?

ஆழிநீலம்

சகோ, அட்வான்ஸ் கட்டலைன்னு சொன்னீங்களே, அதுவே பெரிய நிம்மதி. அந்த ஏழாவது நாளை முதல்ல அடிச்சிடுங்க. காலைல டைவ் பண்ணிட்டு மத்தியானம் ஃப்ளைட் ஏறவே கூடாது, எத்தனை ஏஜென்ட் சொன்னாலும் கூடாது.

காரணம் சொல்லிடறேன், இது தெரிஞ்சா பிளான் முழுக்க நீங்களே போட்டுக்கலாம். தண்ணிக்குள்ள 10 மீட்டர் போனா மேல இருக்குற மாதிரி ரெண்டு மடங்கு அழுத்தம். 20 மீட்டர்ல மூணு மடங்கு. அந்த அழுத்தத்துல மூச்சு விடறப்போ காத்துல இருக்குற நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சு போய் உக்காந்துக்கும். மெதுவா மேல வந்தா அது மெதுவா மூச்சு வழியா வெளிய போயிடும், ஆனா மேல வந்தவுடனே முழுசா போயிடாது, மணிக்கணக்கா ஆகும். அதுக்குள்ள ஃப்ளைட் ஏறினா கேபின் உள்ள அழுத்தம் நம்ம ஊட்டி மலை உயரத்துல இருக்குற மாதிரி குறைஞ்சிடும், சோடா பாட்டில திறந்தா எப்படி குமிழி வருது, அந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி வர வாய்ப்பு இருக்கு. மூட்டு வலி, மரத்துப் போறது, மோசமா போனா கை கால் விழுந்துடறது வரைக்கும் போகும். இதுக்கு டிகம்ப்ரஷன் சிக்னஸ்னு பேரு. ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ் இல்ல பல நாள் டைவ்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் ஃப்ளைட். நான் எப்பவும் 24 விடுவேன், என்கூட வர்றவங்களையும் விட வைப்பேன்.

அதனால கணக்கு எப்பவும் திருப்பிப் போடணும். டைவ் எல்லாம் ட்ரிப்போட முன்பாதில. ஊர் சுத்திப் பாக்குறது, ஜெயில், ஷாப்பிங் எல்லாம் பின்னாடி. ஏஜென்ட் தலைகீழா போட்டிருக்கார்.

ரெண்டாவது விஷயம், நீங்க ஸ்கூபாதான் நோக்கம்னு சொல்றீங்க, ஆனா இந்த ஏழு நாள்ல தண்ணிக்குள்ள இருக்கப் போறது மொத்தம் இருபது நிமிஷம். மீதி எல்லாம் ஃபெர்ரியிலயும் கார்லயும் போயிடும். இத்தனை செலவு பண்ணி போறீங்க, ஒரே தீவுல அஞ்சு ராத்திரி தங்குங்க. நீங்க ஓப்பன் வாட்டர்னு சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிக்கலாம், வீட்டுல அவங்க டிஎஸ்டின்னு முதல் தடவை இறங்கறவங்களுக்கான டைவ் பண்ணலாம். விவரமா ராத்திரி எழுதறேன், இப்ப ஆபீஸ்ல இருக்கேன்.

பாலைவனப்பூ

நார்த் பே-ல நான் பண்ணிருக்கேன். ஒரே கூட்டம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இறக்கி விட்டுட்டே இருப்பாங்க. ஹேவ்லாக்தான் பெட்டர்.

ஆழிநீலம்

இப்ப நிதானமா எழுதறேன்.

டிஎஸ்டின்னா டிஸ்கவர் ஸ்கூபா டைவிங். முன்அனுபவம் எதுவும் வேணாம், நீச்சல் கூட தெரிய வேணாம், இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார், ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். ஆனா ஹேவ்லாக்ல நிறைய பேருக்கு அவ்ளோ ஆழமெல்லாம் போக மாட்டாங்க, ஆறு ஏழு மீட்டரே போதும், அங்கயே எல்லாம் தெரியும். கரையில இருந்து நடந்து இறங்கற மாதிரியும் இருக்கு (நீமோ ரீஃப் அப்படித்தான்), போட்ல போய் இறங்கற மாதிரியும் இருக்கு. உங்க வீட்டுக்காரிக்கு முதல் நாள் கரையில இருந்து இறங்கறதே நல்லது, கால் மண்ணுல பட்டுட்டு இருக்கும்போதே மூச்சு பழகிடும். ஒரு ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்னு தர்ற இடமா பாருங்க. போன சீசன்ல நான் விசாரிச்சப்போ கரையில இருந்துன்னா நாலாயிரம் சுத்தி, போட்னா ஆறாயிரம் சுத்தி சொன்னாங்க.

ஓப்பன் வாட்டர்ங்கறது சர்டிஃபிகேட் கோர்ஸ். அதைத் தர்ற அமைப்பு பேடின்னு ஒண்ணு, எஸ்எஸ்ஐ-ன்னு ஒண்ணு, ரெண்டுமே உலகம் பூரா செல்லும், எது பெருசுன்னு குழம்பவே வேணாம், சொல்லித் தர்ற ஆள்தான் முக்கியம். மூணு நாலு நாள் ஆகும், கடல்ல நாலு டைவ் கண்டிப்பா இருக்கும். முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் ஒரு பார்ட்னரோட நீங்களே போகலாம், அந்த கார்டுக்கு காலாவதி கிடையாது. நீச்சல் டெஸ்ட் உண்டு, 200 மீட்டர் நிக்காம நீந்தணும், இல்லன்னா மாஸ்க் ஃபின்ஸ் போட்டு 300 மீட்டர், அப்புறம் பத்து நிமிஷம் எதையும் பிடிக்காம மிதக்கணும். வேகம் பாக்க மாட்டாங்க. கிணத்து நீச்சல் தெரிஞ்சவருக்கு இது ஈஸி, ஆனா ஒரு மாசம் முன்னாடியே ஒரு நீச்சல் குளத்துல போய் தூரம் பழகிட்டு போங்க, கிணத்துல யாரும் 200 மீட்டர் நேரா நீந்தினதில்ல.

தியரி பாடம் ஆன்லைன்லயே இருக்கு, கோயம்புத்தூர்லயே வீட்ல உக்காந்து முடிச்சிடுங்க. ஹேவ்லாக் போய் ரூம்ல உக்காந்து வீடியோ பாக்குறது எவ்வளவு வேஸ்ட். சென்னை, பாண்டிச்சேரி பக்கம் குளத்துல பண்ற ட்ரெய்னிங்கயும் முடிச்சுட்டு, கடல் டைவ் நாலும் மட்டும் ஹேவ்லாக்ல பண்ற வழியும் இருக்கு, ரெஃபரல்னு சொல்வாங்க, முன்னாடியே ரெண்டு இடத்துலயும் பேசி வெச்சுக்கணும்.

இடங்களைப் பத்தி: ஆரம்பக்காரங்களுக்கு லைட்ஹவுஸ், த வால், அக்வேரியம் மாதிரி. டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் எல்லாம் ரொம்ப அழகு, சீலா மீன் கூட்டம் கூட்டமா சுத்தும், கலவா ஒவ்வொண்ணும் ஆள் சைஸ்க்கு கிடக்கும், ஆனா ஆழம் ஜாஸ்தி, நீரோட்டமும் இருக்கும், அதுக்கு அட்வான்ஸ்டுன்னு அடுத்த கோர்ஸ் முடிச்சிருக்கணும். முதல் ட்ரிப்லயே அங்க கூட்டிட்டு போறோம்னு யாராவது சொன்னா அந்த கடை வேணாம்.

முத்துநகர்_பையன்

தூத்துக்குடிக்காரன். எங்க தாத்தா சங்கு குளிச்சவர். இந்த மூச்சு, அழுத்தம் எல்லாம் எங்க ஊர்ல புஸ்தகம் இல்லாமலே தெரிஞ்ச விஷயம். அப்பல்லாம் டேங்க் கிடையாது, கால்ல கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கி எடுத்துட்டு மேல வர்றதுதான். மேல கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும்னு எங்க பக்கம் சொல்வாங்க, ஏன்னா தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்ல, கயிறை விட மாட்டான். ஸ்கூபால பட்டின்னு சொல்றாங்களே, கூட வர்ற ஜோடி, அது இதே விஷயம்தான். யார் கையில கயிறு இருக்குன்னு பாத்துட்டு இறங்குங்க.

கடல் நீரோட்டத்துக்கு எங்க ஆளுங்க நீவாடுன்னு சொல்வாங்க. நீவாடு இழுக்குற அன்னிக்கு எங்க தாத்தா இறங்க மாட்டார், கூலி போனாலும் சரின்னு கரையிலயே உக்காந்துருப்பார். நீங்களும் காசு கட்டிட்டோமேன்னு இறங்காதீங்க. அன்னிக்கு கடல் சரியில்லன்னு கடைக்காரன் சொன்னா அவனுக்கு நன்றி சொல்லிட்டு டீ குடிக்கப் போங்க.

கொங்குதிசை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆழிநீலம் அண்ணா, ஃப்ளைட் விஷயம் நிஜமா எனக்குத் தெரியாது, ஏஜென்ட்கிட்ட கேட்டேன், "அதெல்லாம் எல்லாரும் பண்றாங்க சார்"னு சொல்றார். அவரை விட்டாச்சு. நாங்களே புக் பண்ணப் போறோம்.

வீட்டுக்காரி கேக்கச் சொன்னா: காது வலிக்குமா? அவளுக்கு மலை ஏறினாலே காது அடைக்கும், ஊட்டி பஸ்லயே அவஸ்தை.

மஞ்சள்வெயில்

அந்த தங்கச்சிக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எனக்கு காதுலதான் அடி விழுந்துச்சு.

நாலு வருஷம் முன்னாடி, ஆபீஸ் க்ரூப்போட போனோம். எந்த இடம் எந்த கடைன்னு சொல்ல வேணாம். எனக்கு ரெண்டு நாளா லேசா ஜலதோஷம். கரையில ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, உடம்புல என்னென்ன பிரச்சினைன்னு கேள்வி, கூட இருந்தவங்க எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு, இல்லாட்டி இறக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க, நானும் போட்டேன். எங்க க்ரூப் பதினாலு பேர், அவங்களுக்கு அடுத்த க்ரூப் வெயிட்டிங். இன்ஸ்ட்ரக்டர் என் டேங்கைப் பின்னாடி பிடிச்சு தள்ளிட்டே போறார், எனக்கு மூணு மீட்டர்லயே காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி வலி. மூக்கைப் பிடிச்சு ஊதினேன், இடது பக்கம் திறக்கவே இல்ல. கையைக் காட்டினேன், அவர் ஓகேன்னு நினைச்சு இன்னும் கீழ கொண்டு போயிட்டார். ஒரு கட்டத்துல உள்ள டப்புன்னு ஒரு சத்தம், சூடா ஏதோ ஓடற மாதிரி, அப்புறம் தலை சுத்தி எது மேல எது கீழன்னே தெரியல. மேல வந்து மாஸ்க்கைக் கழட்டினா உள்ள ரத்தம். சென்னைல ஈஎன்டி டாக்டர் செவிப்பறை கிழிஞ்சிருக்குன்னார். ரெண்டு மாசம் குளிக்கறப்போ எல்லாம் காதுல பஞ்சு. நல்ல வேளை தானா ஆறிடுச்சு.

இதுல எல்லாமே தவிர்த்திருக்கலாம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஜலதோஷம், சைனஸ் இருந்தா இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுட்டு இறங்கறதும் தப்பு, பாதியில மருந்து வேகம் இறங்கிடுச்சுன்னா மேல வர்றப்போ காத்து வெளிய போக வழியில்லாம மாட்டிக்கும். அப்புறம் வலி வந்தப்புறம் ஊதக் கூடாது, வலி வர்றதுக்கு முன்னாடியே ஊதணும். தண்ணி தலைக்கு மேல போனவுடனே ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டர் ஒரு மீட்டருக்கும் மெதுவா. முதல் 10 மீட்டர்லதான் அழுத்தம் ஒரேடியா ரெண்டு மடங்காகுது, அதனால காதுக்கு கஷ்டமே மேலேயேதான், ஆழத்துல இல்ல. திறக்கலைன்னா ஒரு மீட்டர் மேல வந்து திரும்ப முயற்சி பண்ணணும். சைகை முன்னாடியே பேசிக்கோங்க: கையை விரிச்சு இப்படி அப்படி ஆட்டிட்டு காதைக் காட்டினா பிரச்சினைன்னு அர்த்தம். கட்டை விரல் மேல காட்டினா மேல போகணும்னு அர்த்தம், சூப்பர்னு அர்த்தம் இல்ல, இது நிறைய பேர் தப்பா காட்டிடுவாங்க.

ஊட்டி பஸ்ல காது அடைச்சா டைவ் பண்ண முடியாதுன்னு இல்லம்மா. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு ஈஎன்டி டாக்டரைப் பாத்துட்டு போங்க. வீட்ல தினமும் மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதிப் பழகுங்க, எச்சில் முழுங்கினா காதுல ஒரு சின்ன க்ளிக் கேக்கும், அதைக் கவனிங்க. நான் திரும்ப போய் வேற இடத்துல பண்ணிட்டேன், பயத்தோடதான் இறங்கினேன், அந்த இன்ஸ்ட்ரக்டர் பொண்ணு இருபது நிமிஷம் இடுப்பளவு தண்ணியிலயே நின்னு எனக்காக காத்திருந்தா. அவ முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆழிநீலம்

மஞ்சள்வெயில் அக்கா சொன்ன ஃபார்ம் விஷயம் ரொம்ப முக்கியம். அதுல பொய் எழுதாதீங்க. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது ஆபரேஷன், வலிப்பு, சமீபத்துல ஏதாவது சர்ஜரி, இதுல ஏதாவது இருந்தா டாக்டர் கையெழுத்தோட போங்க. கர்ப்பமா இருந்தா, இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாக்கூட, டைவ் வேண்டாம், அது எப்ப வேணா பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு, எல்லா விதிக்கும் மேல ஒரு விதி: டேங்க்ல மூச்சு விடறப்போ மூச்சை அடக்கவே கூடாது. முத்துநகர் தம்பி தாத்தா அடக்கினார், அது மேல இருந்து கொண்டு போன காத்து, மேல வந்தா பழைய அளவுக்குத்தான் வரும். நம்ம டேங்க்ல இருந்து ஆழத்துல இழுக்குற காத்து அழுத்தமான காத்து, அதை அடக்கிட்டே மேல வந்தா நுரையீரல்ல விரிஞ்சு கிழிச்சிடும். இழு, விடு, இழு, விடு, அவ்ளோதான்.

மாலே_சாரல்

நான் மாலேல நாலு வருஷமா வேலை பாக்குறேன், வார லீவுல டைவ். நீங்க மாலத்தீவை விட்டது இப்போதைக்கு சரிதான் ப்ரோ. இங்க நல்ல இடம் எல்லாம் சேனல் டைவ், கடல் தண்ணி பவளத்தீவு வளையத்துக்குள்ள வாய்க்கால் மாதிரி பாயும் பாருங்க, அந்த வாசல்லதான் சுறாவும் திருக்கையும் நிக்கும். நீரோட்டத்துல மிதந்துட்டே போகணும், புதுசா கத்துக்கிட்டவங்க அங்க தண்ணியைப் பாக்க மாட்டாங்க, ஆழமும் மிச்சக் காத்தும் காட்டுற கேஜைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. ஒரு இருபது முப்பது டைவ் போட்டுட்டு வந்து லைவ்போர்டு ஏறுங்க, ஒரு வாரம் போட்லயே சாப்பிட்டு தூங்கி டைவ் பண்றது, அதுக்கு ஈடே இல்ல.

சும்மா செலவு கம்மியா பாக்கணும்னா மாஃபுஷி மாதிரி ஊர் மக்கள் இருக்குற தீவுல கெஸ்ட்ஹவுஸ் எடுக்கலாம், ரிசார்ட் விலை கிடையாது. ஆனா அந்தத் தீவுகள்ல சரக்கு கிடையாது, நீச்சல் டிரஸ் போட தனி பீச். நம்ம பாஸ்போர்ட்டுக்கு வந்து இறங்கினா விசா இலவசம். மான்டா திருக்கை பாக்க ஹனிஃபாரு பே வர்றவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அங்க ஸ்கூபா அனுமதி இல்ல, ஸ்நார்கெல் மட்டும்தான். நீச்சல் தெரியாத ஆளு ஸ்கூபா பண்ணிடலாம், ஸ்நார்கெல்தான் கஷ்டம், அதனால அக்காவை இப்பவே நீச்சல் க்ளாஸ்ல சேத்து விடுங்க.

நிலாவெளி_அலை

வணக்கம், திருகோணமலையிலயிருந்து எழுதுறன். ஃபெப்ரவரி எண்டால் எங்கட பக்கம் கடல் சரிவராது, மழைக்காத்து முடிஞ்சும் தண்ணி கலங்கித்தான் இருக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் வந்தால் நிலாவெளியில நிண்டு புறாத்தீவுக்குப் போகலாம், சின்னச் சுறாக்கள் முழங்கால் தண்ணிக்க சுத்தித் திரியும். மட்டக்களப்பில ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் கப்பல் கிடக்கு, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரர் விமானத்தால அடிச்சுத் தாட்டது. கன பேர் அதைக் கேட்டு வருகினம், ஆனா அது 50 மீட்டருக்கும் கீழ, புதுசா பழகின ஆக்களுக்கு இல்லை. இந்த முறை அந்தமானுக்குப் போங்கோ, அடுத்த முறை இங்க வாங்கோ.

பாலைவனப்பூ

ஃபெர்ரி பத்தி யாரும் சொல்லலையே. பிரைவேட் ஃபெர்ரில போர்ட் பிளேர் டு ஹேவ்லாக் ஒன்றரை மணி நேரம் சுத்தி. பிப்ரவரி சீசன், டிக்கெட் முன்னாடியே போட்டுடுங்க, ஃப்ளைட் போட்ட கையோட அதையும் போடணும். காத்து அடிச்சா கேன்சல் ஆகும், அதனால கடைசி ராத்திரி கண்டிப்பா போர்ட் பிளேர்ல இருக்கணும், ஃபெர்ரியில வந்து நேரா ஏர்போர்ட்னு வெக்காதீங்க. காசு கையில கொஞ்சம் கொண்டு போங்க, ஹேவ்லாக்ல ஏடிஎம் ரொம்ப கம்மி. நெட் முன்ன மாதிரி மோசம் இல்ல, 2020-ல சென்னைல இருந்து கடலடி கேபிள் போட்டப்புறம் பரவால்ல, ஆனா நம்ம ஊர் வேகம் எதிர்பாக்காதீங்க.

டிக்கெட் போடறப்போ பேர் குழப்பம் வரும். ஹேவ்லாக்குக்கு இப்ப ஸ்வராஜ் த்வீப்னு பேரு, நீலுக்கு ஷஹீத் த்வீப், 2018-ல மாத்தினாங்க. போர்ட் பிளேரை 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. எல்லாம் ஒண்ணுதான், பதறாதீங்க.

ஆழிநீலம்

ஆமா. பாராடாங் பத்தியும் ஒரு வார்த்தை. அந்த ரோடு ஜாரவா மக்களோட காட்டுக்குள்ள போகுது. கான்வாய்ல கூட்டிட்டு போவாங்க, நிறுத்தவோ போட்டோ எடுக்கவோ கூடாது, ஆனாலும் வண்டியில இருக்குறவங்க எட்டி எட்டிப் பாக்குறாங்க, அந்த மக்களை வேடிக்கை பாக்குறதுக்குன்னே போற மாதிரி ஆயிடுச்சு. நான் ஒரு தடவை போய் மனசு கஷ்டமாகி அப்புறம் போகவே இல்ல. அந்த ஒரு நாளை ஹேவ்லாக்குக்கு குடுங்க.

கடலுக்கு அடியில என்ன இருக்கும்னு எதிர்பார்ப்பு பத்தியும் சொல்லணும். யூடியூப்ல வர்ற கலர் எல்லாம் லைட் போட்டு எடுத்தது, நேர்ல ஆழம் போகப் போக சிவப்பு முதல்ல மறைஞ்சு எல்லாம் நீலமா தெரியும். அதோட 2010-ல கடல் சூடாகி அந்தமான் பவளம் நிறைய வெளுத்து செத்துப் போச்சு, அதுக்கு அப்புறமும் அடி விழுந்துட்டே இருக்கு. கரையோரம் சில இடத்துல உடைஞ்ச எலும்பு மாதிரி பவளத் துண்டா கிடக்கும், பாக்கவே சங்கடமா இருக்கும். மிச்சம் இருக்குறதாவது இருக்கணும், அதனால கையால தொடாதீங்க, ஃபின்ஸ் பட விடாதீங்க, காலை மண்ணுல ஊணி நிக்க இடம் இருக்கான்னு பாத்து நில்லுங்க. ஒரு விரல் நீளம் பவளம் வளர பல வருஷம் ஆகும். பவளத் துண்டு, சங்கு எதையும் பையில போட்டுட்டு வராதீங்க, பவளம் 1972 வனவிலங்கு சட்டத்துல புலி இருக்குற அதே முதல் பட்டியல்ல இருக்கு, ஏர்போர்ட் ஸ்கேன்ல பிடிச்சா கேஸ்.

அன்னக்கிளி_90

சின்னக் கேள்விதான், கண்ணாடி போடறவங்க என்ன பண்றது? எனக்கு மைனஸ் 4.

மஞ்சள்வெயில்

பவர் மாஸ்க் வாடகைக்கு வெச்சிருப்பாங்க, முன்னாடியே கேட்டுக்கோங்க. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டும் இறங்கலாம், ஆனா மாஸ்க்ல தண்ணி போனா கண்ணை மூடிக்கணும், இல்லாட்டி லென்ஸ் போயிடும், உபரியா ஒரு ஜோடி வெச்சுக்கோங்க. நீள முடி இருக்குறவங்க இறுக்கிப் பின்னி கழுத்துக்குக் கீழ கட்டிடுங்க. நெத்தி முடி ஒண்ணு ரெண்டு மாஸ்க் ஓரத்துல மாட்டினாக்கூட தண்ணி கசிஞ்சுட்டே இருக்கும்.

கொங்குதிசை

புது பிளான் போட்டாச்சு. முதல் நாள் சென்னைல இருந்து காலை ஃப்ளைட், அன்னிக்கே மத்தியான ஃபெர்ரி ஹேவ்லாக். அடுத்த நாலு நாள் நான் ஓப்பன் வாட்டர், அவ ரெண்டாவது நாள் கரையில இருந்து டிஎஸ்டி, பிடிச்சா நாலாவது நாள் போட்ல இன்னொண்ணு. ஆறாவது நாள் டைவ் இல்ல, மத்தியான ஃபெர்ரில போர்ட் பிளேர், ஏழாவது நாள் காலைல செல்லுலார் ஜெயில், மத்தியானம் ஃப்ளைட். கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 40 மணி நேரத்துக்கு மேல வருது. சரியா அண்ணா?

ஆழிநீலம்

கச்சிதம். முதல் நாள் ஃபெர்ரிக்கு மட்டும் நேரம் நிறைய விடுங்க, ஃப்ளைட் லேட் ஆனா மாட்டிக்குவீங்க. அங்க பொழுது சீக்கிரம் விடிஞ்சு சீக்கிரம் இருட்டிடும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் பொழுது சாஞ்சுடும், டைவ் போட்லாம் காலைல ஏழு மணிக்கு முன்னாடியே கிளம்பும். ராத்திரி சீக்கிரம் தூங்குங்க, முந்தின ராத்திரி குடிக்காதீங்க, தண்ணி நிறைய குடிங்க. போட்ல வாந்தி வர்ற ஆளுன்னா மாத்திரை போடலாம், ஆனா தூக்கம் வர்ற மாத்திரையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ராதாநகர்ல முதலை எச்சரிக்கை போர்டு இருக்குற பக்கம் இறங்காதீங்க, 2010-ல ஸ்நார்கெல் பண்ணின ஒருத்தங்களை முதலை கொன்ன இடம் அது.

போயிட்டு வந்து எழுதுங்க.

கொங்குதிசை

வந்துட்டோம். மூணு நாள் ஆச்சு, இன்னும் கண்ணை மூடினா நீலமாதான் இருக்கு.

அவ கதையை முதல்ல சொல்றேன். ரெண்டாவது நாள் காலைல, இடுப்பளவு தண்ணி. ரெகுலேட்டரை வாயில வெச்சு முகத்தை தண்ணிக்குள்ள விடச் சொன்னாங்க, விட்டா, உடனே தூக்கிட்டா. திரும்ப விட்டா, திரும்ப தூக்கிட்டா. ஆறேழு தடவை. நான் பக்கத்துல நின்னு பேச வாயெடுத்தேன், இன்ஸ்ட்ரக்டர் கண்ணாலயே வேணாம்னு சொல்லிட்டார். அவர் ஒண்ணும் அவசரப்படுத்தல, அவ கையை மட்டும் பிடிச்சிட்டு தானும் முகத்தை உள்ள விட்டு மூச்சு விட்டுக் காட்டினார், குமிழி மேல வர்றதை அவ பாத்துட்டே இருந்தா. அடுத்த தடவை போனவ எழுந்திரிக்கல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் கையை நீட்டி ஓகே காட்டினா. காது ஒரு தடவை அடைச்சுதாம், கையை ஆட்டி காட்டினாளாம், அவர் உடனே மேல கொண்டு வந்து திரும்ப மெதுவா இறக்கினாராம். மஞ்சள்வெயில் அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா. நாலாவது நாள் போட்ல போய் இன்னொரு டைவும் பண்ணிட்டா, லைட்ஹவுஸ்ல, எட்டு மீட்டர்.

எனக்கு கோர்ஸ்ல ரொம்ப கஷ்டமா இருந்தது மாஸ்க்கை முழுசா கழட்டிட்டு திரும்ப மாட்டி தண்ணியை மூக்கால ஊதி வெளிய தள்றது. முதல் தடவை மூக்குல தண்ணி ஏறி பதறி மேல போகப் பாத்தேன், இன்ஸ்ட்ரக்டர் பிசிடியை (காத்து ஏத்தி மிதக்குற ஜாக்கெட்) பிடிச்சுட்டார். அன்னிக்கு சாயங்காலம் மனசே சரியில்ல. அடுத்த நாள் குனிஞ்சு மண்ணைப் பாத்துட்டு, நாலு மூச்சு எண்ணிட்டு பண்ணினேன், வந்துடுச்சு. மூணாவது டைவ்ல ஒரு சத்தம், நொறுக்கு தின்ற மாதிரி கறுக் கறுக்னு. சுத்திப் பாத்தா கிளிமீன் பவளத்தைக் கடிச்சு தின்னுட்டு இருக்கு, பின்னாடி வெள்ளை மண்ணா கழிச்சுட்டே போகுது. அந்த பீச் மண்ணுல நிறைய அதுதான்னு மேல வந்து சொன்னாங்க. கடைசி டைவ் முடியறப்போ, நைட்ரஜன் வெளிய போகட்டும்னு 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிப்பாங்களே, அப்ப ஒரு ஆமை எங்களைத் தாண்டி மேல போய் ஒரு மூச்சு இழுத்துட்டு திரும்ப கீழ இறங்குச்சு. யாரும் கேமரா எடுக்கல.

ஆறாவது நாள் ஃபெர்ரி மூணு மணி நேரம் லேட். அன்னிக்கே ஃபெர்ரியில வந்து ஃப்ளைட்னு வெச்சிருந்தா ஃப்ளைட் போயிருக்கும்.

அவ வர்ற திங்கள்ல இருந்து நீச்சல் க்ளாஸ் போறா. 200 மீட்டர் வந்தவுடனே அவளும் ஓப்பன் வாட்டர் பண்ணணுமாம்.

முத்துநகர்_பையன்

படிச்சதும் தாத்தாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஆமை இறங்கினது எந்தப் பக்கம்னு கேட்டார்.

ஆழிநீலம்

மனசு நிறைஞ்சுடுச்சு சகோ. லாக்புக்ல டைவ் நேரம், ஆழம், டேங்க்ல மிச்சக் காத்து எத்தனை பார் அழுத்தத்துல இருக்கறப்போ மேல வந்தீங்க, இடுப்புல எத்தனை கிலோ வெயிட், எல்லாம் எழுதி வெச்சீங்களா? அந்த வெயிட் கணக்கு அடுத்த தடவை ரொம்ப உதவும். ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி விட்டா ரிஃப்ரெஷர் ஒண்ணு பண்ணிட்டு இறங்குங்க.

கொங்குதிசை

எழுதிட்டேன் அண்ணா. நாலு டைவ், அதிகபட்சம் 17 மீட்டர், கடைசில 70 பார்ல மேல வந்தேன், 4 கிலோ வெயிட்.

கரிசல்மழை

இந்த இழையை இப்பதான் பாத்தேன். எங்க பையனுக்கு ஒம்போது வயசு, நீச்சல் நல்லா வரும், டிசம்பர் கடைசில அந்தமான் போறோம். அவனுக்கு டிஎஸ்டி பண்ண விடுவாங்களா?

ஆழிநீலம்

பத்து முடியணும் சார், டிஎஸ்டிக்கும் ஓப்பன் வாட்டருக்கும் அதுதான் குறைஞ்ச வயசு. எட்டு வயசுல இருந்து பேடில பபிள்மேக்கர்னு ஒண்ணு இருக்கு, நீச்சல் குளம் மாதிரி இடத்துல 2 மீட்டர் ஆழம் வரைக்கும் மட்டும். எல்லா இடத்துலயும் கிடையாது, போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. வயசை ஏத்திச் சொன்னா இறக்கிடறோம்னு யாராவது சொன்னா அங்க நீங்களும் பண்ணாதீங்க.